லாக்புக்கில் எத்தனை கேஸ் என்பது போதுமா? யூராலஜி அறுவைப் பயிற்சி பற்றி ஒரு விவாதம்

#1 செங்கதிர்

தேர்வு நெருங்கினால் பி.ஜி.க்கள் (மேற்படிப்புப் பயிற்சி மருத்துவர்கள்) தாங்கள் செய்த அறுவைகளைப் பதியும் லாக்புக்கைத் தூக்கிக்கொண்டு கையெழுத்துக்கு வருவார்கள். டி.யூ.ஆர்.பி. (சிறுநீர்ப் பாதை வழியாகப் புராஸ்டேட்டைச் செதுக்குவது) இத்தனை, பி.சி.என்.எல். (முதுகுப் பக்கம் துளையிட்டுச் சிறுநீரகக் கல்லை எடுப்பது) இத்தனை, யூரிட்டெரோஸ்கோப்பி (சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயான யூரிட்டருக்குள் ஸ்கோப் விடுவது) இத்தனை என்று வரிசையாக எழுதியிருக்கும். எனக்குத் தெரிய வேண்டிய விஷயம் மட்டும் அதில் இருக்காது. அந்தப் பி.சி.என்.எல்.லில் சிறுநீரகத்துக்குள் ஊசி இறக்கி பங்க்சர் போட்டது யார்? அந்த ஊசி வழியை, அதாவது ட்ராக்டை, விரித்தது யார்? எல்லாம் முடிந்த பிறகு நெஃப்ரோஸ்கோப்பைப் பிடித்துக் கல்லை உடைத்தவரும் "ஒரு கேஸ்" என்று எழுதுகிறார். ஊசியை முதலில் சரியான காலிக்ஸில் (சிறுநீரகத்தின் உள்ளே சிறுநீர் சேரும் கிண்ணங்களில் ஒன்று) இறக்கியவரும் "ஒரு கேஸ்" என்றே எழுதுகிறார்.

எண்ணிக்கைக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2007இல் ஆண்ட்ரூ விக்கர்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வைப் பலரும் படித்திருப்பீர்கள். அமெரிக்காவின் நான்கு பெரிய மையங்கள், 72 அறுவை மருத்துவர்கள், புற்றுநோய்க்காகப் புராஸ்டேட்டை முழுவதும் அகற்றும் ராடிக்கல் புராஸ்டேடெக்டமி செய்துகொண்ட 7,765 நோயாளிகள். அதுவரை 10 அறுவைகள் செய்திருந்த மருத்துவரிடம் போனவர்களுக்கு 5 ஆண்டுகளுக்குள் புற்றுநோய் திரும்பும் வாய்ப்பு 17.9 சதவீதம். 250 செய்திருந்தவரிடம் போனவர்களுக்கு 10.7. கற்றல் வளைவு என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அந்த வளைவின் செலவை யார் கொடுக்கிறார்கள் என்று இந்த இரண்டு எண்களும் சொல்லிவிடுகின்றன.

அப்படியானால் எல்லாரும் 250 செய்து முடிக்கும் வரை காத்திருப்பதா, அல்லது அந்த வளைவைச் சுருக்க முடியுமா? முடியும் என்பது என் கருத்து. அறுவையைப் படிப்படியாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் தனிக் கணக்கு வேண்டும். பார்த்தேன், உதவினேன், ஆசிரியர் கை கொடுக்கச் செய்தேன், அவர் பக்கத்தில் நிற்கத் தனியாகச் செய்தேன், கூப்பிட்டால் வரும் தூரத்தில் அவர் இருக்கத் தனியாகச் செய்தேன் என்று ஐந்து நிலைகள் போதும். செய்ததை வேறொருவர் பார்த்து மதிப்பிட வேண்டும். பிறகு நோயாளிக்கு என்ன ஆனது என்ற தகவல் செய்தவர் காதுக்கு வந்து சேர வேண்டும். இதில் எது நடக்கிறது, எது நடக்கவில்லை என்று எல்லாரும் எழுதுங்கள். மாற்றுக் கருத்து இருந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள்.

#2 மூன்றாமாண்டு

சார், நீங்கள் எழுதியிருப்பது அப்படியே என் லாக்புக்தான்.

லிஸ்டில் நாலு கேஸ் இருக்கும். நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து, டிரேப் போட்டு, ஊசியை என் கையில் கொடுப்பார்கள். இரண்டு தடவை தப்பினால் ஊசி கைமாறிவிடும். யாரையும் குறை சொல்லவில்லை. கதிர்வீச்சு நேரம் ஓடுகிறது, அடுத்த கேஸ் காத்திருக்கிறது, நோயாளியின் பாதுகாப்பும் இருக்கிறது. ஆனால் எங்கே தப்பியது என்பது எனக்குத் தெரியாமலே போய்விடுகிறது. ஆழம் அதிகமா, குறைவா, கோணம் தவறா? ஊசியை ஒரே புள்ளியாகக் குறிவைக்கும் புல்ஸ் ஐ முறையில் காட்டுகிறார் ஒருவர், இரண்டு கோணங்களில் பார்த்து இடம் கண்டுபிடிக்கும் ட்ரையாங்குலேஷன் செய்கிறார் இன்னொருவர். இரண்டும் என் தலையில் கலந்து கிடக்கின்றன.

எனக்குக் கொஞ்சம் உதவியது வார்டு அல்ட்ராசவுண்ட். அட்மிட் ஆகும் எல்லாக் கல் நோயாளிக்கும் நானே ஸ்கேன் வைத்துப் பார்க்கிறேன். சிறுநீரகம் எந்தச் சாய்வில் இருக்கிறது, மூச்சு விட்டால் எவ்வளவு இறங்குகிறது என்பது இப்போது ஓரளவு மனதில் நிற்கிறது. இது தவிர வேறு என்ன செய்யலாம்?

#3 செங்கதிர்

மிக நல்ல பழக்கம், விடாதீர்கள். ஊசி போடும் கைக்கு முப்பரிமாண மனப்படம் வேண்டும். அது அல்ட்ராசவுண்டில் வருவது போல வேறெதிலும் வராது.

பங்க்சரையே நான் ஐந்து சின்னப் படிகளாகப் பிரித்துத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். முதலில் காலிக்ஸைத் தேர்ந்தெடுப்பது. இதை முந்தின நாளே சி.டி. பார்த்து, எந்தக் காலிக்ஸ், ஏன் என்று எழுதிக் காட்ட வேண்டும். அடுத்தது, அந்தக் காலிக்ஸ்தான் இது என்று மேசையில் அடையாளம் காண்பது. நோயாளி குப்புறப் படுத்திருக்கும்போது யூரிட்டெரிக் கதீட்டர் வழியாகச் சிறிதளவு காற்று விட்டால் அது மேலே ஏறிப் பின்பக்கக் காலிக்ஸில் போய் நிற்கும். சாயம் கனமானது, முன்பக்கம் தேங்கும். திரையில் எது கறுப்பு, எது வெளுப்பு என்று பார்த்தே முன் பின் பிரித்துவிடலாம்.

மூன்றாவது கோணம். புல்ஸ் ஐ என்றால் சி-ஆர்மை (மேசையில் படம் காட்டும் எக்ஸ்ரே கருவி) நம் பக்கம் 30 டிகிரி சாய்த்து, ஊசியின் தலை, நுனி, காலிக்ஸ் மூன்றும் ஒரே புள்ளியாகத் தெரியும்படி பிடிக்க வேண்டும். இங்கேதான் புதியவர்களின் விரல்கள் கதிருக்குள் போகின்றன. ஊசியை ஃபோர்செப்ஸால் பிடிக்கப் பழக்க வேண்டும். நான்காவது ஆழம். சி-ஆர்மை நேராகக் கொண்டுவந்த பிறகுதான் ஊசியை முன்னே தள்ள வேண்டும். மயக்க மருத்துவரிடம் சொல்லி மூச்சை ஒரே இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். நீங்கள் தப்பியதில் பெரும்பாலானவை இந்த நான்காவது படியில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். சாய்ந்த நிலையிலேயே ஊசியைத் தள்ளினால் ஆழம் கண்ணுக்குத் தெரியாது. கடைசியாக, உள்ளே போய்விட்டதா என்று சிறுநீர் வருவதைப் பார்த்து உறுதி செய்வது.

காலிக்ஸின் நுனி வழியாக, அதற்குள் நீட்டியிருக்கும் பாப்பில்லாவைத் துளைத்துப் போக வேண்டும். கழுத்துப் பகுதியில், இன்ஃபண்டிபுலத்தில் நேராகக் குத்தினால் பக்கத்தில் ஓடும் பெரிய ரத்தக்குழாய்கள் மாட்டும். ட்ராக்ட் விரிக்கும்போது கொஞ்சம் குறைவாக நின்றால் திருத்திக்கொள்ளலாம். அதிகம் போனால் சிறுநீரகத்தின் பெல்விஸ் (காலிக்ஸ்கள் சேரும் பை) கிழியும்.

இதில் முதல் படிக்கு நோயாளியே தேவையில்லை. மூன்றும் நான்கும் மாதிரி உடலில் பழகலாம். கையுறை விரல்களில் சாயம் நிரப்பி ஜெலட்டினில் புதைத்தாலே ஒரு மாதிரி தயார். அல்ட்ராசவுண்டில் பழகினால் கதிர்வீச்சும் கிடையாது. மேசையில் இரண்டு தடவை தப்பினால் ஊசி கைமாறட்டும், அதில் தவறில்லை. ஆனால் கேஸ் முடிந்ததும், "நான்காவது படியில் தப்பியது" என்று ஆசிரியர் ஒரு வரி சொல்லியே ஆக வேண்டும்.

#4 பழைய கத்தி

செங்கதிர் சொல்வதை மதிக்கிறேன். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஜெலட்டினில் ரத்தம் வராது. கல்லைப் பிடித்த பாஸ்கெட் (கம்பிக் கூடை) யூரிட்டரில் சிக்கிக்கொண்டு வெளியே வர மறுக்கும்போது வயிற்றில் ஒரு பயம் எழும்பும். அது எந்த சிமுலேட்டரிலும் கிடையாது. அந்தப் பயம் வந்த நேரத்தில் இழுக்காமல் நிற்கத் தெரிந்தவன்தான் சர்ஜன். இழுத்தால் யூரிட்டர் முழுசாகப் பிய்ந்து வந்துவிடும்.

லாக்புக்கைப் பற்றிப் பேசுவதானால், அதிலுள்ள பெரிய ஓட்டை எனக்குத் தெரிந்து வேறு. நிறுத்திய கேஸுக்கு அதில் இடமே இல்லை. ஸ்கோப் போக வழி விடும் உறையான ஆக்சஸ் ஷீத் ஏற மறுக்கிறது. இடுங்கிய யூரிட்டர். பையன் என்ன செய்ய வேண்டும்? டபுள் ஜே ஸ்டென்ட் (யூரிட்டரைத் திறந்து வைக்கும் மெல்லிய குழாய்) வைத்துவிட்டு, ஒன்றிரண்டு வாரம் கழித்து வர வேண்டும். அதற்குள் யூரிட்டர் தானாகத் தளர்ந்து கொடுக்கும். அப்படிச் செய்தால் லாக்புக்கில் "யூரிட்டெரோஸ்கோப்பி" என்று எழுத முடியாது, வெறும் "ஸ்டென்ட்" என்றுதான் எழுத வேண்டும். எண்ணிக்கைக்காக ஓடுகிற பையன் தள்ளித்தான் பார்ப்பான்.

2013இல் ட்ராக்சரும் தாமஸும் ஷீத் எடுத்த பிறகு யூரிட்டரின் உட்சுவரைப் பார்த்துப் பதிவு செய்தார்கள். 46.5 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு காயம். 13.3 சதவீதம் பேருக்குத் தசை வரை போன காயம். முன்கூட்டியே ஸ்டென்ட் வைத்திருந்தவர்களுக்குப் பெரிய காயத்தின் வாய்ப்பு ஏழு மடங்கு குறைவு. இது தெரிந்தும் தள்ளுகிறோம் என்றால் கையில் குறை இல்லை, கணக்கு வைக்கும் முறையில்தான் குறை.

#5 செங்கதிர்

> நிறுத்திய கேஸுக்கு அதில் இடமே இல்லை.

இதை நான் யோசித்ததே இல்லை. எங்கள் தாளில் "நிறுத்தினேன், காரணம்" என்று ஒரு பத்தி சேர்க்கிறேன். தேர்வாளர்கள் முதலில் படிக்க வேண்டிய பத்தி அதுவாகத்தான் இருக்கும்.

சிமுலேட்டர் விஷயத்தில் மட்டும் உடன்படவில்லை, சார். 2002இல் சீமூரும் காலகரும் யேல் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனை பித்தப்பை லாப்ராஸ்கோப்பியில் நடந்தது. ஆனால் நமக்கும் பொருந்தும். 16 பயிற்சி மருத்துவர்கள். அதில் பாதிப் பேருக்கு மெய்நிகர் கருவியில் பயிற்சி. பிறகு உண்மையான நோயாளிகளிடம் எல்லாரும் அறுவை செய்ய, யார் எந்தக் குழு என்று தெரியாதவர்கள் வீடியோ பார்த்து மதிப்பிட்டார்கள். பயிற்சி பெற்றவர்கள் 29 சதவீதம் வேகமாக முடித்தார்கள். பெறாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ, படக் கூடாத திசுவைச் சுடவோ ஐந்து மடங்கு வாய்ப்பு இருந்தது.

அதில் கவனிக்க வேண்டியது, "இத்தனை மணி நேரம் பழகு" என்று அவர்கள் சொல்லவில்லை. அனுபவசாலிகள் அதே கருவியில் எடுத்த அளவை வைத்து, அதைத் தொடும் வரை பழகு என்றார்கள். ஒருவருக்குச் சீக்கிரம் வரும், இன்னொருவருக்கு நாளாகும். நேரத்தைக் கணக்கிட்டுக் கருவிமுன் உட்கார வைப்பது வேறு, தேர்ச்சி அளவை வைத்துப் பழக்குவது வேறு.

பயத்தை சிமுலேட்டர் தராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்கோப்பை எந்தப் பக்கம் திருப்பினால் நுனி எந்தப் பக்கம் வளையும் என்று இன்னமும் யோசித்துக்கொண்டிருப்பவனுக்கு, அந்தப் பயம் வரும் நேரத்தில் யோசிக்க மூளையில் இடம் இருக்காது.

#6 மயக்கவியல்

தலைமாட்டில் நிற்பவனின் பார்வையில் ஒன்று. சில நேரம் பயிற்சியைத் தடுத்தது ஆசிரியரோ மாணவரோ இல்லை, நுட்பமே தடுத்தது.

மோனோபோலார் மின்சாரத்தில் செய்த டி.யூ.ஆர்.பி.க்கு 1.5 சதவீத கிளைசின் கரைசலைக் கழுவு நீராக ஓட விட்ட காலத்தில் ஒரு மணி நேரம் நெருங்கினால் நானே குரல் கொடுப்பேன். கிளைசின் ரத்தத்துக்குள் இழுக்கப்பட்டுச் சோடியம் இறங்கும். முதுகுத்தண்டு மயக்கத்தில் விழித்திருக்கும் நோயாளி கொட்டாவி விடுவார், குமட்டுகிறது என்பார், பிறகு சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பிப்பார். டி.யூ.ஆர். சிண்ட்ரோம் என்ற பெயரைக் கேட்டாலே சர்ஜன் வெட்டும் கம்பியான லூப்பை மாணவரிடமிருந்து வாங்கிவிடுவார். மெதுவாகச் செய்கிறவருக்கு அங்கே இடமே இல்லை. கற்கிறவர் மெதுவாகத்தான் செய்வார்.

பைபோலார் வந்து, கிளைசினுக்குப் பதில் உப்புநீரான சலைன் ஓட ஆரம்பித்த பிறகு அந்தச் சோடியம் பயம் போய்விட்டது. நீர்ச்சுமை ஏறும் ஆபத்து இன்னமும் உண்டு, வயதான இதயத்துக்கு அது சாதாரணமில்லை. ஆனாலும் மாணவருக்கு மேசையில் கிடைக்கும் நிமிடங்கள் கூடின. புது நுட்பம் நோயாளிக்கு நல்லதா என்று கேட்கிறோம். அதைக் கற்றுக் கொடுக்க முடியுமா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

#7 தியேட்டர் சிஸ்டர்

எல்லாரும் டாக்டர்களாவே பேசறீங்க, நானும் ஒரு வார்த்தை சொல்றேன். இருபது வருஷத்துக்கு மேலா யூராலஜி தியேட்டர்ல ஸ்க்ரப் பண்றேன்.

நல்லா சொல்லிக் கொடுக்கிற டாக்டர் யாருன்னு எங்களுக்கு உடனே தெரியும். அவர் வாய் திறந்து பேசிக்கிட்டே செய்வார். "இப்போ வெருமான்டானத்தைப் பார்க்கிறேன், இதுக்குக் கீழ லூப் வரக் கூடாது" அப்படின்னு. அந்தச் சின்ன மேட்டுக்குக் கீழதான் சிறுநீரை அடக்குற தசை இருக்கு. பி.ஜி.க்கு மட்டும் இல்ல, எனக்கும் அடுத்து என்ன வேணும்னு தெரிஞ்சிடும். வாயே திறக்காம கையை மட்டும் நீட்டுற டாக்டர்கிட்ட பசங்க மூணு வருஷம் நின்னாலும் படம் பார்த்த மாதிரிதான் போவாங்க.

லூப்பை வாங்குறதுலயும் ஒரு முறை இருக்கு. கேஸ் ஆரம்பிக்கும் முன்னாடியே "இந்த வரைக்கும் நீ, வெருமான்டானம் பக்கம் நான்" என்று பேசி வச்சுட்டா, வாங்குறப்போ பையன் முகம் வாடாது. திடீர்னு பிடுங்கினா அன்னிக்கு முழுக்க அவன் கை நடுங்கும். அந்த நடுங்குற கையோடதான் அடுத்த நோயாளிகிட்ட போறான்.

இன்னொண்ணு, ஸ்டென்ட் ரிஜிஸ்டர். டபுள் ஜே வச்ச தேதி, எடுக்க வேண்டிய தேதி, போன் நம்பர் எல்லாம் நாங்க எழுதி வைக்கிறோம். அந்த நோட்டைப் பி.ஜி. பார்க்கிறதே இல்ல. மறந்து போன ஸ்டென்ட்ல கல் கட்டி, நோயாளி மறுபடி அறுவைக்கு வர்ற நிலைமை எவ்வளவு கொடுமை! ஸ்டென்ட் வைக்கிறதைக் கத்துக்கிறவன் அதை எடுக்கிற பொறுப்பையும் சேர்த்துக் கத்துக்கணும். வச்சவன் பேரு அந்த நோட்ல இருக்கணும்னு நான் சொல்லிட்டே இருக்கேன்.

#8 மூன்றாமாண்டு

சிஸ்டர், அந்த நோட்டை நாளைக்கே வாங்கிப் பார்க்கிறேன். எங்கள் தியேட்டரிலும் ஒன்று இருக்கிறது. அதைத் திறந்ததே இல்லை.

#9 வார்டு டாக்டர்

நான் யூராலஜிக்காரன் இல்லை, பொது மருத்துவம். உங்கள் பேச்சில் ரோபோ வரை வரும் போலிருக்கிறது. எங்களுக்கு கதீட்டரே யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. முதல் வருடம் இரவுப் பணியில் ஒரு சீனியர் செய்வதைப் பார்த்தோம், அடுத்ததை நாங்கள் போட்டோம். மருத்துவமனையில் அதிகம் நடக்கும் யூராலஜி வேலை இதுதான். இதற்கு ஏன் ஒரு முறையான பயிற்சி இல்லை?

#10 பழைய கத்தி

இந்த இழையின் மிக முக்கியமான கேள்வி இதுதான். எங்களுக்கு நடுராத்திரியில் வரும் அழைப்புகளில் ரத்தம் வடியும் யூரித்ரா (சிறுநீர் வெளியேறும் பாதை) ஒரு பெரும் பங்கு. பெரும்பாலும் காரணம் ஒன்றே. சிறுநீர் வருவதற்கு முன்பே, கதீட்டர் நுனியின் பலூன் இன்னும் யூரித்ராவில் இருக்கும்போதே ஊதிவிடுவார்கள்.

தம்பி, ஆணுக்கு ஜெல்லைத் தாராளமாகச் செலுத்தி, சில நிமிடம் பொறுக்க வேண்டும். உறுப்பை மேல்நோக்கி நீட்டிப் பிடித்தால் முதல் வளைவு நேராகும். சிறுநீரை அடக்கும் தசையான ஸ்பிங்க்டரில் தடை தெரிந்தால் தள்ளாதே. நோயாளியை மூச்சை ஆழமாக இழுத்து விடச் சொல். கதீட்டரின் கிளை பிரியும் இடம் வரை முழுவதும் உள்ளே போக வேண்டும், சிறுநீரும் வர வேண்டும். அதற்குப் பிறகுதான் பலூன். ஊதும்போது நோயாளி வலிக்கிறது என்றால் உடனே நிறுத்து. எல்லாம் முடிந்து முன்தோலைப் பழையபடி இழுத்து மூடு. மூடாமல் விட்டால் பாராஃபைமோசிஸ் ஆகிக் காலையில் வீங்கியிருக்கும். ஒரு தடவை தடுத்தால் இரண்டாம் தடவை முயலலாம், மூன்றாம் தடவைக்கு எங்களைக் கூப்பிடு. யூரித்ராவில் பொய்ப்பாதை விழுந்த பிறகு கூப்பிடுவதைவிட, அதற்கு முன் கூப்பிடுவது எங்களுக்கு ஆயிரம் மடங்கு நல்லது.

சிமுலேட்டரைப் பற்றி மேலே நான் எழுதியதில் இதை மட்டும் விலக்கி வைக்கிறேன். கதீட்டருக்கு ரப்பர் மாதிரி போதும். ஒவ்வொரு ஹவுஸ் சர்ஜனும் அதில் தேறிய பிறகே நோயாளியைத் தொட வேண்டும்.

#11 நிலவொளி

என் அப்பாவுக்கு அடுத்த மாதம் சிறுநீரகக் கல்லுக்கு அறுவை. அதனால்தான் இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்கப் பயமாகவும் இருக்கிறது, ஆறுதலாகவும் இருக்கிறது. ஒன்று கேட்கலாமா? அறுவை செய்வது யார், பயிற்சி மருத்துவர் எந்தப் பகுதியைச் செய்வார் என்று நாங்கள் டாக்டரிடம் கேட்டால் தவறாக எடுத்துக்கொள்வார்களா?

#12 பழைய கத்தி

கேளம்மா, தயங்காமல் கேள். அது உன் அப்பாவின் உரிமை. "யார் செய்வார், யார் மேற்பார்வை, அவர் அறையிலேயே இருப்பாரா, இதே அறுவையை இங்கே அடிக்கடி செய்கிறீர்களா, முடியாமல் போனால் மாற்றுத் திட்டம் என்ன" என்று கேள். பயிற்சி மருத்துவர் பங்கெடுப்பதாலேயே ஆபத்து என்று நினைக்க வேண்டாம். நல்ல மேற்பார்வை இருக்கும் தியேட்டரில் இரண்டு ஜோடிக் கண்கள் பார்க்கின்றன. ஸ்டென்ட் வைத்தார்களா, எப்போது எடுக்க வேண்டும் என்று வீட்டுக்குக் கிளம்பும் முன் எழுதி வாங்கிக்கொள். அப்பா நலமாக வருவார்.

#13 சிறார் யூரோ

செங்கதிர் முதல் பதிவின் கடைசியில் போகிற போக்கில் சொன்னதுதான் என் துறையின் உயிர்ப் பிரச்சினை. நோயாளிக்கு என்ன ஆனது என்ற செய்தி செய்தவருக்கு வந்து சேர்வது.

ஹைப்போஸ்பேடியாஸ் (ஆண்குறியின் நுனியில் இல்லாமல் கீழ்ப்பக்கம் சிறுநீர்த் துளை இருக்கும் பிறவிக் குறை) எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சரிசெய்ய 300க்கும் மேற்பட்ட முறைகள் எழுதப்பட்டிருக்கின்றன. 1994இல் ஸ்னாட்கிராஸ் யூரித்ராத் தட்டைக் கீறிக் குழாயாக உருட்டும் முறையை வெளியிட்ட பிறகு பெரும்பாலோர் அதற்கு வந்துவிட்டோம். குழந்தைக்கு வயது ஒன்று இருக்கலாம். பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு மெல்லிய நூலில் தைக்கிறோம். கட்டு பிரிக்கும் அன்று அழகாக இருக்கும். சிறுநீர் கசியும் துளையான ஃபிஸ்டுலா சில மாதங்கள் கழித்து வரும். சிறுநீர்த் தாரை மெலிவது இன்னும் தள்ளி. குறியின் வளைவு திரும்ப வருகிறதா என்பது பருவ வயதில்தான் தெரியும். அதற்குள் தைத்த மாணவர் வேறு ஊரில் கன்சல்டன்ட். தான் தைத்தது எப்படி ஆனது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. அதே தையலை அங்கே நூறு குழந்தைகளுக்குப் போட்டுக்கொண்டிருப்பார். கேஸ் எண்ணிக்கை ஏறும், கை அப்படியே நிற்கும்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் கொண்டுவந்தோம். குழந்தை திரும்ப வரும்போது, தைத்தவர் எங்கே இருந்தாலும் அவருக்கு விவரம் போகும். வந்தது நல்ல செய்தியானாலும் கெட்ட செய்தியானாலும் சரி. முதலில் சிலருக்குக் கசந்தது. இப்போது அவர்களே போன் போட்டுக் கேட்கிறார்கள்.

#14 செங்கதிர்

அருமை. பெரியவர்களிடம் சில செய்திகள் சீக்கிரமே வந்துவிடுகின்றன, நாம்தான் படிப்பதில்லை. டி.யூ.ஆர்.பி.டி. (சிறுநீர்ப்பைக் கட்டியை உள்வழியாகச் செதுக்குவது) செய்த மாணவர் பயாப்சி அறிக்கையில் டெட்ரூசர் தசை (சிறுநீர்ப்பைச் சுவரின் தசை) வந்திருக்கிறதா என்று பார்த்தாலே போதும். தசை இல்லையென்றால் வெட்டு ஆழம் போதவில்லை, கட்டியின் நிலையைச் சரியாகச் சொல்ல முடியாது. நோயாளி மறுபடி மேசைக்கு வர வேண்டியிருக்கும். செலவே இல்லாத மதிப்பீடு இது.

#15 கன்சோல்

ரோபோ பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஆசிரியரும் மாணவரும் மாறி மாறி ரோபோவை இயக்கும் இரட்டைக் கன்சோல் வந்த பிறகு படிப்படியாகக் கொடுப்பது எளிதாகிவிட்டது. புராஸ்டேட்டை அகற்றும் அறுவையில் சிறுநீர்ப்பையை இறக்குவது மாணவர், விந்துப்பைகளை விடுவிப்பது அதே மாணவர், நரம்புக்கற்றையும் புராஸ்டேட்டின் கீழ்நுனியான ஏபெக்ஸும் ஆசிரியர், இணைப்புத் தையலின் பின்பாதி மறுபடி மாணவர் என்று பிரிக்கலாம். ஐரோப்பிய ரோபோ யூராலஜி பாடத்திட்டமும் இப்படிப் படிகளை எளியதிலிருந்து கடினத்துக்கு அடுக்கியிருக்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது கருவியைப் பற்றி இல்லை, அமெரிக்க யூராலஜி அறுவை மருத்துவர் பாட்ரிக் வால்ஷைப் பற்றி. 1981இல் நெதர்லாந்தின் லெய்டனில் அங்குள்ள யூராலஜி மருத்துவர் டாங்கருடன் உட்கார்ந்து, விறைப்புக்கான நரம்புகள் புராஸ்டேட்டுக்கு வெளியே எங்கே ஓடுகின்றன என்று தேடிக் கண்டுபிடித்தார். 1982 ஏப்ரல் 26 அன்று அவற்றைத் திட்டமிட்டுக் காப்பாற்றிய முதல் அறுவையைச் செய்தார். உலகமே அவரிடம் கற்றுக்கொண்டது. அதற்குப் பிறகும் அவர் நிற்கவில்லை. தன் அறுவைகளை வீடியோ எடுத்து வைத்து, சீக்கிரம் செயல் திரும்பியவர்களிடம் என்ன செய்தோம், திரும்பாதவர்களிடம் என்ன செய்தோம் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்டுபிடித்தவரே இப்படிப் பார்த்தார் என்றால் நாமெல்லாம் எந்த மூலை?

பர்க்மேயரின் 2013 ஆய்வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மிச்சிகனில் உடல்பருமன் அறுவை செய்யும் 20 பேர் தங்கள் வீடியோவைக் கொடுக்க, சக மருத்துவர்கள் பெயர் தெரியாமல் மதிப்பெண் போட்டார்கள். கடைசிக் கால்பகுதியில் வந்தவர்களின் நோயாளிகளுக்குச் சிக்கல் 14.5 சதவீதம், முதல் கால்பகுதிக்கு 5.2. சக மருத்துவர்களின் கண்ணுக்கு வித்தியாசம் தெரிகிறது. காட்டத்தான் நமக்கு மனம் வருவதில்லை.

#16 மூன்றாமாண்டு

காட்ட மனம் இருக்கிறது சார், பயமும் இருக்கிறது. வீடியோ வழக்குக்குப் போய்விட்டால்? கூட்டத்தில் எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினால்? எங்களுக்குள் இப்படித்தான் பேசிக்கொள்கிறோம்.

#17 செங்கதிர்

நியாயமான பயம். எங்கள் முறையைச் சொல்கிறேன். நோயாளியிடம் முன்பே எழுத்தில் ஒப்புதல் வாங்குகிறோம். பெயர், எண் எதுவும் திரையில் இருக்காது. முழு அறுவையைப் போடுவதில்லை, ஒரே ஒரு படி, அதிகம் போனால் பத்து நிமிடம். இந்த வாரம் பங்க்சர் என்றால் எல்லாருடையதும் பங்க்சர்தான், என்னுடையதும் அதில் இருக்கும். யாருடையது என்று சொல்ல மாட்டோம். பேசும் வரிசை இளையவரிடமிருந்து தொடங்கும். மூத்தவர் முதலில் பேசினால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

"நன்றாக இருந்தது", "மோசம்" இரண்டுக்கும் தடை. "ஊசி இன்ஃபண்டிபுலத்தில் போனது", "சி-ஆர்ம் சாய்ந்திருக்கும்போதே முன்னே தள்ளினார்" என்று கண்ணில் பட்டதை மட்டும் சொல்ல வேண்டும். ஆசிரியர்களின் வீடியோ முதலில் வராத வரை மாணவர்கள் கொடுக்க மாட்டார்கள். இதைத் துறைத் தலைவர்கள்தான் தொடங்கி வைக்க வேண்டும்.

#18 புது லேசர்

தாமதமாக வருகிறேன். கன்சல்டன்ட் ஆகிச் சில வருடங்கள் ஆகின்றன. ஹோல்மியம் லேசர் வாங்கிவிட்டார்கள், ஹோலெப் (லேசரால் புராஸ்டேட் மடல்களைக் குடைந்தெடுப்பது) ஆரம்பி என்கிறார்கள். எனக்குச் சொல்லிக் கொடுக்கப் பக்கத்தில் யாருமில்லை. படிப்படியாக என்று எல்லாரும் சொல்கிறீர்கள். மாணவருக்குச் சரி, தனியாக நிற்பவன் எப்படிப் பிரித்துக்கொள்வது?

#19 செங்கதிர்

1990களில் நியூசிலாந்தில் பீட்டர் கில்லிங் இதைக் கொண்டுவந்தார். முடிவுகள் இவ்வளவு நன்றாக இருந்தும் பரவ இத்தனை காலம் எடுத்ததற்குக் காரணமே உங்கள் கேள்விதான். தொடங்கிய பலர் பாதியில் விட்டுவிட்டார்கள்.

முதலில், தனியாகத் தொடங்காதீர்கள். நிறையச் செய்யும் இடத்தில் போய்ப் பார்த்துவிட்டு, ஆரம்பக் கேஸ்களுக்கு அங்கிருந்து ஒருவரை வரவழையுங்கள். லேசர் வாங்கிய நிர்வாகத்துக்கு இதையும் ஒரு செலவாகச் சொல்லுங்கள்.

50 முதல் 80 கிராம் வரை உள்ள புராஸ்டேட்டில் ஆரம்பிக்கலாம். 150 கிராம் இப்போது வேண்டாம். மிகச் சிறியதும் வேண்டாம், அதில் தளம் தெளிவாகக் கிடைக்காது. முதல் சில கேஸ்களில், கடிகார முகப்பை மனதில் வைத்து, 5 மணி, 7 மணி இடங்களில் பள்ளங்கள் வெட்டி நடு மடலை மட்டும் லேசரில் எடுங்கள், பக்க மடல்களைப் பழகிய பைபோலார் லூப்பில் முடியுங்கள். புராஸ்டேட்டின் வெளியுறையான கேப்ஸ்யூலின் குறுக்கு நார்கள் கண்ணுக்குப் பழகட்டும். நோயாளியிடம் இந்தத் திட்டத்தை முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

பக்க மடல்களுக்கு வந்ததும் ஏபெக்ஸில் கவனம். 12 மணிப் பக்கம் உள்ள மெல்லிய சளிச்சவ்வுப் பட்டையைக் கடைசிவரை விட்டுவைத்து மடலை இழுத்தால், அந்த இழுவை நேராக ஸ்பிங்க்டருக்குப் போகும். பட்டையை ஆரம்பத்திலேயே வெட்டி விடுவித்துவிடுங்கள். அறுவைக்குப் பிறகு மூன்று மாதத்தில் எத்தனை பேருக்கு இருமினால் கசிகிறது என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள். ஏபெக்ஸில் உங்கள் கை எப்படி இருக்கிறது என்று அந்தத் தாள் சொல்லும்.

மார்சிலேஷனை (குடைந்த திசுவைச் சிறுநீர்ப்பைக்குள் துண்டாக்கி எடுப்பது) தனி அறுவையாகவே நினையுங்கள். ரத்தக்கசிவை முழுவதும் நிறுத்திய பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும். சிறுநீர்ப்பை நிரம்பி இருக்க வேண்டும், பிளேடு சுவரைத் தொடாமல் நடுவில் நிற்க வேண்டும். பார்வை மங்கினால் மிதியை விட்டுவிடுங்கள். தெளியவே இல்லையென்றால் திசுவை உள்ளேயே விட்டுவிட்டு வேறொரு நாள் எடுக்கலாம். சிறுநீர்ப்பை கிழிவதைவிட அது மேல். "நிறுத்தினேன், காரணம்" பத்தியில் எழுதிக்கொள்ளுங்கள்.

#20 தியேட்டர் சிஸ்டர்

புது லேசர் சார், முதல் கேஸுக்கு முந்தின நாள் உங்க சிஸ்டரைக் கூப்பிட்டு மார்சிலேட்டரைப் பூட்டிப் பிரிச்சு ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. லேசர் கண்ணாடி எத்தனை இருக்குன்னும் எண்ணிக்கோங்க, மயக்க டாக்டருக்கும் சேர்த்து.